வெட்டி எடுத்த துண்டு சொல்வதும் சொல்லாததும்: பெருங்குடல் புற்றுநோயில் திசுக் குறிப்பான்கள்

சுங்கை சிப்புட் பக்கம் ஏதாவது ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் "மார்க்கர்" என்ற சொல் மூன்று அர்த்தத்தில் காதில் விழுந்துவிடும். "அண்ணனுக்கு மார்க்கர் நார்மலாம்லா, ஒண்ணும் இல்ல" என்பார் ஒருவர். அவர் சொல்வது தனியார் லேபில் எடுத்த ரத்தச் சோதனையை. "எங்க மாமாவுக்கு மார்க்கர் பாசிட்டிவ்னு வந்துருச்சு, அவ்ளோதான்" என்று இன்னொருவர் தலையில் கை வைப்பார். அவர் பார்த்தது ஆபரேஷனுக்குப் பின் வந்த எச்.பி.இ. ரிப்போர்ட், அதாவது வெட்டி எடுத்த சதையை ஆய்வகத்தில் பார்த்து எழுதும் அறிக்கை. அதில் பாசிட்டிவ் என்பது நல்ல செய்தியாகவே இருந்திருக்கலாம். மூன்றாமவரோ கிளினிக்கில் கொடுத்த மலப் பரிசோதனையையே மார்க்கர் என்று எண்ணிக்கொண்டிருப்பார்.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் சிறிய விஷயம் இல்லை. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மலேசிய ஆண்களிடம் முதலிடத்தில் இருந்தது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்தான். பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் அதற்கு.

மூன்று சோதனை, மூன்று வேலை

மலப் பரிசோதனை நோயைத் தேடுவதற்கு. அரசு சுகாதார கிளினிக்குகளில் 50 முதல் 75 வயது வரை, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குச் செய்கிறார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்லாது. ரத்தம் இருந்தால் ஸ்கோப் போட்டு, அதாவது கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டு, காரணத்தைப் பார்ப்பார்கள். காரணம் வெறும் மூலமாகவும் இருக்கும்.

ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ. என்பது 1965-ல் கண்டறியப்பட்ட ஒரு புரதத்தின் அளவு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலே கொஞ்சம் ஏறியிருக்கும். ஆரம்பக் கட்டி உள்ள பலருக்கு நார்மலாகவே இருக்கும். ஆகவே "ஃபுல் செக்கப்" பேக்கேஜில் இது நார்மல் என்று வந்ததைச் சட்டம் போட்டு மாட்டி வைக்க வேண்டியதில்லை. இதன் உண்மையான பயன் வேறு. ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டு, நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கலாம்.

இந்தக் கட்டுரையின் விஷயம் மூன்றாவது வகை. கட்டியிலிருந்தே வெட்டி எடுத்த சதையில் செய்யும் சோதனை அது. அதைச் செய்யும்போது புற்றுநோய் என்பது ஏற்கனவே உறுதியாகியிருக்கும். "இருக்கிறதா?" என்ற கேள்வி முடிந்து, "இனி எப்படி நடந்துகொள்ளும், எந்த மருந்துக்கு அடங்கும்?" என்ற கேள்வி தொடங்குகிற இடம்.

பழத்தை வெட்டினால்தான் ஓடு தெரியும்

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. டூரா, டெனெரா என்ற இரண்டு செம்பனை வகையும் மரமாக நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. பழத்தைக் குறுக்கே வெட்டினால் டூராவில் ஓடு தடித்திருக்கும். டெனெராவில் ஓடு மெலிந்து, சுற்றிலும் கறுப்பு நார்ப்புள்ளி வளையம் போட்டிருக்கும், எண்ணெய்ச் சதை கூடுதலாக இருக்கும். ஆனால் வெட்டிப் பார்க்கக் காய் வேண்டுமே. நட்டபின் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

2013-ல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள், ஓட்டின் தடிமனைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டுபிடித்ததாக வெளியிட்டார்கள். அதன்பின் நர்சரியில் நிற்கும் கன்றின் இலையைச் சோதித்தே, நாளைக்கு அது எப்படிக் காய்க்கும் என்று சொல்ல முடிந்தது. இன்று கையில் இருக்கும் ஒரு துண்டில் அளக்கக்கூடிய ஒன்றை வைத்து, நாளை நடக்கப்போவதை ஊகிக்கிறோம். மருத்துவத்தில் இப்படி அளக்கப்படும் அடையாளத்துக்கு உயிர்க்குறிப்பான் என்று பெயர். சதையில் அளந்தால் திசுக் குறிப்பான்.

உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஓட்டின் தடிமன் பெரும்பாலும் ஒரே மரபணுவின் கையில் இருக்கிறது. புற்றுக்கட்டியின் போக்கு அப்படி ஒரே சாவியில் திறக்காது. அதனால்தான் ரிப்போர்ட்டில் ஒரு வரிக்குப் பதில் ஏழெட்டு வரி இருக்கிறது.

துண்டு ரிப்போர்ட்டாக மாறும் வழி

ஸ்கோப்பில் கிள்ளி எடுக்கும் சில மில்லிமீட்டர் துணுக்கு பயாப்சி. ஆபரேஷனில் வருவது ஒரு முழக் குடலாகக்கூட இருக்கும். ரத்த ஓட்டம் நின்ற நிமிடத்திலிருந்து திசு கெட ஆரம்பிக்கிறது. பாசாரில் வாங்கிய மீனை மோட்டாரில் தொங்கவிட்டு வெயிலில் சுற்றினால் என்ன ஆகுமோ அதேதான். ஆகவே 1 மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். திசுவைப் போல 10 மடங்கு ஃபார்மலின் இருப்பது நல்லது. 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும்.

பெரும்பாலான கோளாறு இங்கேதான் பிறக்கிறது. ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். முழு மாங்காயை உப்புநீரில் போட்டால் தோல் உப்பேறி உள்ளே பச்சையாக நிற்பதுபோல, குடலைத் திறக்காமல் அப்படியே டப்பாவில் அமுக்கினால் ஓரம் பதப்பட்டு நடுப்பகுதி அழுகும். குடலை நீளவாக்கில் திறந்து, கழுவி, விரித்துப் போடுவது இதற்காகத்தான்.

ஊறிய திசுவை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். ஆய்வகத்தில் அதன் பெயர் பிளாக். அதிலிருந்து 3 அல்லது 4 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவல் எடுப்பார்கள். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நீலமும் இளஞ்சிவப்பும் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது முதல் கட்டம். ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று அறிய வேண்டுமானால், அந்தப் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஊற்றுவார்கள். பற்றிய இடம் பழுப்பாக மாறும். இதற்கு இம்யூனோ சாயம் என்று பேர்.

நடுவில் சரியாக ஊறாத துண்டில் புரதம் இருந்தும் பழுப்பு ஏறாது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே சீவலில் கட்டிக்கு நடுவே சாதாரண வெள்ளணுக்கள் சிதறிக் கிடக்கும். அவற்றில் பழுப்பு ஏறியிருக்க வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் அந்த இடத்தை வைத்து எதுவும் சொல்லக்கூடாது, வேறு பிளாக்கில் திரும்பச் செய்ய வேண்டும். இம்யூனோ சாயத்துக்குப் பெரிய குடல் துண்டைவிடச் சின்ன பயாப்சித் துணுக்கே பல நேரம் தெளிவாக வருவதற்குக் காரணமும் இதுதான். சின்னது சீக்கிரம் ஊறிவிடும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: மலச் சோதனை தேடுகிறது, ரத்தச் சோதனை கண்காணிக்கிறது, திசுக் குறிப்பான் போக்கை ஊகிக்கிறது. அந்த ஊகம் சதை பதப்பட்ட விதத்தைவிடச் சிறப்பாக இருக்க முடியாது.

எவ்வளவு ஆழம், எத்தனை கணு

புதுக் குறிப்பான்களைப் பற்றிப் பேசுமுன் பழையதைச் சொல்ல வேண்டும். இன்றும் போக்கைச் சொல்வதில் முதலிடம் நிலைக்குத்தான், நாம் ஸ்டேஜ் என்கிறோமே அதற்கு.

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுபவர் பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கையாலேயே அறிவார். பட்டைக்குள் நிற்கும் வரை காயம் ஆறும். உளி கட்டையைத் தொட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, மறுபடி வெட்ட உதவாது. குடல் சுவரையும் அப்படிப் பட்டை பட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்தோலுக்கு அடுத்த மென்படலத்தில் நின்றால் டி1. தசையில் இறங்கினால் டி2. தசையைத் தாண்டி வெளிக் கொழுப்பில் போனால் டி3. வெளி உறையையே துளைத்தால், அல்லது பக்கத்து உறுப்பில் ஒட்டினால் டி4.

அடுத்தது நிணநீர்க் கணுக்கள். குடலை ஒட்டிய கொழுப்பில் பயறு அளவில் கிடக்கும் வடிகட்டிகள் இவை. குறைந்தது 12 கணுக்களைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் "7 கணுக்கள், ஏழிலும் நோய் இல்லை" என்று இருந்தால் முழுதாகச் சந்தோஷப்பட முடியாது. எட்டாவதில் இருந்திருக்கலாம், அதை யாரும் பார்க்கவில்லை. எண்ணிக்கை 12-க்குக் குறைந்தாலே அதை ஓர் ஆபத்துக் காரணியாக மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

ஒரே ஸ்டேஜில் இருக்கும் இருவரில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது, இன்னொருவருக்குத் திரும்பவில்லை. ஸ்டேஜ் பதில் சொல்லாத இந்த இடைவெளியில்தான் மற்றக் குறிப்பான்கள் நுழைகின்றன. இரண்டாம் நிலையில், அதாவது கட்டி தசையைத் தாண்டியும் கணுக்களுக்குப் போகாத நிலையில், இந்த இடைவெளி மிகப் பெரியது. கீமோ கொடுப்பதா வேண்டாமா என்ற தயக்கமும் அங்கேதான் அதிகம்.

லாலான் ஓரம்

லாலான் புல் மண்டிய இடத்தின் ஓரத்தைப் பார்த்திருப்பீர்கள். சில இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நேராக நிற்கும். சில இடத்தில் நான்கடி தள்ளி ஒரு முளை, ஆறடி தள்ளி இன்னொன்று. இரண்டாவது வகைதான் அடுத்த மழைக்குள் வரப்பைத் தாண்டும்.

கட்டியின் முன்னேறும் ஓரத்திலும் இதே காட்சி. கூட்டத்தைவிட்டுப் பிரிந்து, தனி உயிரணுவாகவோ 4 உயிரணு வரையிலான சிறு கூட்டமாகவோ நிற்பவற்றைக் கட்டி மொட்டுகள் என்கிறார்கள். 2016-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய நிபுணர்கள் இதை எண்ணுவதற்கு ஒரே முறையை வகுத்தார்கள். மொட்டு மிக அடர்ந்த ஓர் இடத்தைத் தேர்ந்து, 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ண வேண்டும். 0 முதல் 4 வரை குறைவு, 5 முதல் 9 வரை நடுத்தரம், 10-ம் அதற்கு மேலும் அதிகம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பது. எல்லாருக்கும் செய்யும் அதே நீல, இளஞ்சிவப்புச் சீவல், ஒரு மைக்ரோஸ்கோப், பொறுமையாக எண்ணும் கண் போதும். ஸ்கோப்பிலேயே அகற்றிய டி1 கட்டியில் மொட்டு அதிகமாக இருந்தால், நிணநீர்க் கணுவுக்குள் நோய் புகுந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. குடலையும் வெட்ட வேண்டுமா என்ற பேச்சு அப்போது வரும். இரண்டாம் நிலையில் நோய் திரும்பும் ஆபத்தை எடைபோடவும் உதவும். ஆனால் மேலாகக் கிள்ளிய பயாப்சியில் முன்னேறும் ஓரமே இருக்காது. அதில் எண்ணி ஒரு தரம் போட முடியாது. ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சோ கீமோவோ எடுத்தவர்களின் திசுவிலும் இந்தத் தரம் பொருந்தாது.

கிராணியின் செக்ரோல்

இனி வருவது கொஞ்சம் நீளம், ஆனால் ரிப்போர்ட்டில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் வரி இதுதான்.

தோட்டத்து ஆபீசில் மண்டோரின் (மேற்பார்வையாளரின்) சின்னப் புத்தகத்திலிருந்து கிராணி (எழுத்தர்) செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுக்கு எண்களைப் பெயர்த்து எழுதுவார். 3,72,415 என்ற எண்ணில் பிழை வராது. 10000000 என்று எழுதச் சொல்லுங்கள், ஒரு பூஜ்யம் கூடும் அல்லது குறையும். உயிரணு இரண்டாகப் பிரியும்போது தன் மரபுச் செய்தி முழுவதையும் இப்படித்தான் நகலெடுக்கிறது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில் தடுக்கி விழுகிறது. அந்த இடங்களுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர்.

பிழையைப் பார்த்துத் திருத்த நான்கு புரதங்கள் இருக்கின்றன: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. இவை பிழைதிருத்தும் புரதங்கள், சுருக்கமாக எம்.எம்.ஆர். முதல் இரண்டும் ஜோடி, அடுத்த இரண்டும் ஜோடி. ஜோடியில் மூத்தவர் எம்.எல்.எச்.1 போய்விட்டால் பி.எம்.எஸ்.2 தனியே நிலைக்க முடியாமல் அதுவும் மறைந்துவிடும். பி.எம்.எஸ்.2 மட்டும் போனால் எம்.எல்.எச்.1 நிற்கும். எம்.எஸ்.எச்.2-க்கும் எம்.எஸ்.எச்.6-க்கும் இதே கணக்கு. எது எதோடு சேர்ந்து மறைந்தது என்பதை வைத்தே எந்த மரபணுவில் பழுது என்று ஊகிப்பார்கள்.

இப்போது ஒட்டுக்கடை மாமாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். "நான்கு புரதமும் பாசிட்டிவ்" என்றால் பிழை திருத்தும் நான்கு கிராணியும் வேலைக்கு வந்திருக்கிறார்கள், சாயம் ஏறியிருக்கிறது என்று பொருள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. "இன்டாக்ட்" என்று எழுதினாலும் அதே அர்த்தம். "லாஸ்" என்று வந்தால்தான் ஒரு புரதம் காணவில்லை.

காணாமல் போனால் கெடுதியா? இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. பிழை குவியக் குவியக் கட்டியின் புரதங்கள் விகாரமாகி, உடலின் காவல் அணுக்களுக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. அவை திரண்டு வந்து தாக்குகின்றன. பெருங்குடல் கட்டிகளில் சுமார் 15 சதவீதம் இந்த வகை. உடல் முழுக்கப் பரவிய நான்காம் நிலையிலோ இவற்றின் பங்கு 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது, அதாவது இவை பரவுவது குறைவு. இரண்டாம் நிலையில் இந்தக் குறை உள்ளவர்களுக்குப் பொதுவாக நோய் திரும்புவது குறைவு. 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்தைத் தனியாகக் கொடுப்பதால் அவர்களுக்குப் பயன் கிடைப்பதாகவும் தெரியவில்லை. பரவிய நிலையில் இருந்தால் காவல் அணுக்களை அவிழ்த்துவிடும் பெம்புரோலிசுமாப் போன்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது. 2020-ல் அமெரிக்காவில் இதை முதல் சிகிச்சையாகவே அங்கீகரித்தார்கள். அதன் விலைதான் பல குடும்பங்களைத் திணறடிக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. புரதம் காணாமல் போனது பிறவியிலேயே வந்த மரபணுப் பழுதாலும் இருக்கலாம். அதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். பெருங்குடல் புற்றுநோயாளிகள் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இது உண்டு. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. எம்.எல்.எச்.1 காணவில்லை என்றால் அடுத்து பி-ராஃப் என்ற மரபணுவைப் பார்ப்பார்கள். அதில் வி600இ என்ற மாற்றம் இருந்தால் பெரும்பாலும் குடும்ப வழி வந்தது இல்லை, வயதாக ஆகக் கட்டிக்குள்ளேயே உண்டானது என்று கொள்ளலாம். எம்.எஸ்.எச்.2 காணவில்லை என்றால் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேச வேண்டிய நேரம். இந்தப் பழுது உள்ளவர்களுக்கு 20, 25 வயதிலிருந்தே 1 அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கோப் போடச் சொல்வார்கள்.

கதிர்வீச்சு எடுத்த மலக்குடல் கட்டியில் எம்.எஸ்.எச்.6 சாயம் பொய்யாக மங்குவது உண்டு. அப்போது சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்சியைத் தோண்டி எடுத்துப் பார்ப்பதே நல்லது.

சுருக்கம்: பாசிட்டிவ் என்றால் புரதம் இருக்கிறது. லாஸ் என்றால் இல்லை. இல்லாதது இரண்டாம் நிலையில் பெரும்பாலும் நோயாளிக்குச் சாதகம், ஆனால் உடன்பிறந்தவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கலாம்.

போக்கு ஒன்று, மருந்து ஒன்று

ஒரு ரப்பர் ரகம் எவ்வளவு பால் தரும் என்பது ஒரு கேள்வி. பாலைக் கூட்டும் எத்திஃபோன் மருந்தைத் தடவினால் அந்த ரகம் கூடுதலாகப் பால் விடுமா, பட்டை காய்ந்துபோகுமா என்பது வேறு கேள்வி. திசுக் குறிப்பான்களையும் இப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிகிச்சை எதுவானாலும் நோய் எப்படி நடக்கும் என்று சொல்வது போக்குக் குறிப்பான். ஒரு குறிப்பிட்ட மருந்து வேலை செய்யுமா என்று சொல்வது மருந்துக் குறிப்பான். மொட்டு முதல் வகை. பிழைதிருத்தும் புரதம் இரண்டு வேலையும் பார்க்கிறது.

ரேஸ் மரபணுக்கள் முக்கியமாக இரண்டாம் வகை. செடுக்சிமாப், பானிடுமுமாப் என்ற மருந்துகள் உயிரணுவின் வெளிச்சுவரில் உள்ள ஒரு ஸ்விட்சை அடைத்து வளர்ச்சியை நிறுத்தப் பார்க்கின்றன. கே-ரேஸ் அந்த ஒயரில் உள்ளே இருக்கும் அடுத்த இணைப்பு. அது ஷார்ட் ஆகி எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால், வெளி ஸ்விட்சை அடைத்து என்ன பயன்? பரவிய நோய் உள்ளவர்களில் சுமார் 40 சதவீதத்தினரிடம் கே-ரேஸ் மாறியிருக்கிறது. என்-ரேஸ் மாறியவர்கள் மிகச் சிலர். இவர்களுக்கு அந்த மருந்துகள் பயன் தராது. கொடுத்தால் முகமெல்லாம் கொப்புளமும் செலவும்தான் மிச்சம். சோதிக்கும் துண்டில் கட்டி அணுக்கள் மிகக் குறைவாக இருந்தால், மாற்றம் இருந்தும் "இல்லை" என்று வந்துவிடும். ரிப்போர்ட்டில் கட்டியின் சதவீதம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

பி-ராஃப் வி600இ 100-ல் எட்டு, பத்துப் பேரிடம் இருக்கும். பிழைதிருத்தும் புரதம் சரியாக இருந்து இதுவும் இருந்தால் போக்கு கடுமை.

பட்டியலில் சேராதவை

ஆய்வுக் கட்டுரைகளில் "புதிய மார்க்கர் கண்டுபிடிப்பு" என்று வருவதில் பெரும்பகுதி கிளினிக் வாசலுக்கு வருவதே இல்லை. டி.பி.53 மரபணு ஒரு நல்ல உதாரணம். புற்றுநோய் உண்டாவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பெருங்குடல் கட்டிகளில் பாதிக்கு மேல் அது பழுதுபட்டே இருக்கிறது. பெரட்டில் (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பில்) பாதிப் பேர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால், "வெள்ளைச் சட்டைக்காரரைக் கூப்பிடு" என்று சொல்லி யாரைப் பிடிப்பது?

கட்டிக்குள்ளும் ஓரத்திலும் சி.டி.3, சி.டி.8 என்ற காவல் அணுக்களைக் கணினியில் எண்ணித் தரம் போடும் முறை நம்பிக்கை தருகிறது, எல்லா இடத்திலும் இன்னும் கிடைப்பதில்லை. சி.டி.எக்ஸ்.2 என்ற புரதம் இல்லாத கட்டிகள் கொஞ்சம் முரடு என்பதும் தெரிந்திருக்கிறது. அதை வைத்து மட்டும் சிகிச்சையை மாற்றுவது வழக்கமில்லை.

எல்லாக் குறிப்பானுக்கும் பொதுவான ஒரு வரம்பு உண்டு. ஒரே ரகம் நட்ட வயலில் சராசரி விளைச்சலைச் சொல்லலாம், மூன்றாவது வரிசையில் ஏழாவது மரம் நாளைக்கு எத்தனை மில்லி தரும் என்று சொல்ல முடியாது. குறிப்பானும் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறது. "ஆறு மாசம்தான்னு ரிப்போர்ட்ல இருக்காம்" என்று யாராவது சொன்னால், அந்தக் காகிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கவே முடியாது.

ரிப்போர்ட் கைக்கு வந்தபின்

தொகுதி மருத்துவமனையில் எடுத்த திசு ஈப்போ போன்ற பெரிய மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போகும். சில சோதனைகள் அங்கிருந்தும் வேறு ஆய்வகத்துக்குப் போகும். முதல் ரிப்போர்ட் வந்தபின் துணை ரிப்போர்ட் ஒன்று தனியாக வருவது வழக்கம். பிழைதிருத்தும் புரதங்களும் ரேஸும் அதில்தான் இருக்கும். முதல் காகிதத்தோடு ஃபைலை மூடிவிடும் குடும்பங்கள் அதிகம். அடுத்த அப்பாயின்மெண்டில் "டாக்டர், எம்.எம்.ஆர். ரிசல்ட் வந்துருச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எத்தனை கணுக்கள் பார்த்தார்கள், மொட்டுத் தரம் என்ன என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பிளாக் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுக் கட்டி ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்று தேவைப்படாத ரேஸ் சோதனையை இரண்டு வருஷம் கழித்து, வேறு மருத்துவமனையில் இருந்தபடியே கேட்டு வாங்கிச் செய்யலாம். அப்போது பழைய சீவலை வைத்து இம்யூனோ சாயம் ஏற்றப் பார்க்கக்கூடாது, சீவிய தகடு நாளாக நாளாகச் சாயம் பிடிக்காது. பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவச் சொல்ல வேண்டும்.